அச்சுக்கடையின் பாதித் தொழில் கழுவும் தொட்டியில்

தைப்பூசத்திற்கு இன்னும் ஒரு வாரம். காவடிக் குழு ஒன்று 120 மஞ்சள் டி-சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. நெஞ்சில் சிறிய வேல், முதுகில் குழுவின் பெயர், அதற்குக் கீழே ஊர்ப்பெயர், எல்லாம் அடர்சிவப்பில். வேலை தடங்கலின்றிப் போகிறது. எண்பதாவது சட்டையை டிரையரிலிருந்து எடுத்து மடிக்கும்போதுதான், தோள்பட்டையில் விரல்நுனி அளவுக்கு ஒரு சிவப்புக் கறை கண்ணில் படுகிறது. அடுத்த சட்டையிலும் இருக்கிறது. மடித்து வைத்த குவியலைக் கலைத்துப் பார்த்தால் மொத்தம் 11 சட்டைகள்.

அச்சில் பிழையே இல்லை. வேல் நேராக இருக்கிறது, எழுத்து கூர்மையாக விழுந்திருக்கிறது. ஆனாலும் அந்த 11 சட்டைகளைக் கொடுக்க முடியாது. அதே மஞ்சள், அதே அளவு மொத்த வியாபாரியிடம் மறுபடியும் கிடைக்குமா என்பதும் சந்தேகம். சட்டைக்குச் சில வெள்ளி லாபம் பார்க்கும் கடையில், 11 சட்டைகளின் விலை அந்த ஆர்டரின் லாபத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

கிள்ளான், ஈப்போ, பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி என எந்த ஊரானாலும், ‘செத்தாக் பாஜு’ என்று பலகை மாட்டிய கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய கதையல்ல. தோட்டக் கோயில் திருவிழாவின் தொண்டர் சட்டை, உறுமி மேளக் குழுவின் சட்டை, பள்ளி விளையாட்டுப் போட்டி, காற்பந்துப் போட்டி, குடும்ப ஒன்றுகூடல் என்று நம்மவர்கள் சட்டை அச்சடிக்காத நிகழ்ச்சி இப்போது குறைவு. டிடிஎஃப் எனும் புதிய அச்சு முறை வந்த பிறகும், ஒரே படத்தை நூறு இருநூறு சட்டைகளில் போட வேண்டுமென்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் கட்டுப்படியாகிறது. வீட்டு முன்கூடத்தில் ஒரு மேசையோடு தொடங்கியவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், கடைவீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தவர்களும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் அச்சடிக்கத் தெரியும். கடையைச் சுத்தமாக வைத்திருப்பதும் அதே தொழிலின் பகுதி என்பதைத்தான் பலர் நட்டப்பட்ட பிறகு கற்றுக்கொள்கிறார்கள்.

காயாத மை

அந்தக் கறை பெரும்பாலும் ஸ்கிரீனிலிருந்து வந்திருக்காது. மை டின்னின் மூடி, மை அள்ளும் கரண்டியின் பிடி, மேசை விளிம்பு, மின்விசிறி சுவிட்ச், கைப்பேசி ஆகிய ஏதோ ஒன்றிலிருந்து விரலுக்கு வந்து, விரலிலிருந்து சட்டைக்குப் போயிருக்கும்.

டி-சட்டைக் கடைகளில் பரவலாகப் புழங்குவது பிளாஸ்டிசால் மை. பிவிசி பிசின் தூளை, அதை இளக்கி வைக்கும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து இந்த மையைத் தயாரிக்கிறார்கள். சுவர்ச் சாயம் காய்வதுபோல் இது காற்றில் காயாது. ஆவியாகிப் போவதற்கு இதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மையின் அடி வரைக்கும் சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் அது இறுகித் துணியோடு பிடிக்கும். அதுவரைக்கும் ஈரம்தான்.

அச்சடிப்பவருக்கு இது பெரிய வசதி. வேலையைப் பாதியில் விட்டுச் சாப்பிடப் போய் வரலாம், மெஷ் அடைத்துக்கொள்ளாது. கடைக்கு வரும் தொல்லையும் இதே குணத்தால்தான். தீபாவளி ஆர்டருக்குக் கலக்கிய சிவப்பில் ஒரு துளி மேசையின் அடிப்பக்கம் ஒட்டியிருந்தால், தைப்பூசம் வரையிலும் அது அங்கே ஈரமாகவே காத்திருக்கும். பார்வைக்குத் தூசி படிந்து காய்ந்ததுபோல் தோன்றும். தொட்டால் ஒட்டும்.

தண்ணீர் மைக்கு நேர் எதிரான குணம். அது நம் ஊர் வெயிலில், மேலே சுழலும் விசிறியில், சில நிமிடங்களிலேயே மெஷ் துளைகளுக்குள் காயத் தொடங்கிவிடும். முழுவதும் காய்ந்து இறுகிவிட்டால் பலவேளைகளில் அந்த ஸ்கிரீனை மீட்க முடியாது. அதனால் தண்ணீர் மையில் வேலை செய்யும்போது ஸ்கிரீன் மீது எந்நேரமும் மை படர்ந்திருக்க வேண்டும், விசிறிக் காற்று நேராக அதன்மேல் படக்கூடாது, கடைசிச் சட்டை முடிந்த மறுநொடியே கழுவத் தொடங்க வேண்டும். இரண்டு மையையும் வைத்திருக்கும் கடையில் ஒரே பழக்கம் இரண்டுக்கும் பொருந்தாது. பிளாஸ்டிசாலுக்குப் பழகிய கை, தண்ணீர் மை ஸ்கிரீனை அப்படியே வைத்துவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போவது பலருக்கும் முதலில் நேரும் நட்டம்.

பிளாஸ்டிசால் கறைக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. சூடு ஏறாதவரை அதை எடுத்துவிடலாம். டிரையருக்குள் போய் வந்துவிட்டால் கறையும் அச்சைப் போலவே நிலைத்துவிடும். ஆகவே சட்டையைப் பரிசோதிக்க வேண்டிய இடம் டிரையரின் வாய். பல கடைகளில் அது மடிக்கும் மேசையில் நடக்கிறது. அங்கே பார்ப்பது எண்ணிக்கைக்கு உதவும், சட்டையைக் காப்பாற்ற உதவாது.

மைக் கை, துணிக் கை

இரண்டு பேர் இருக்கும் கடையில் இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒருவர் மையையும் ஸ்குவீஜியையும் மட்டும் தொடுவார். மற்றவர் சட்டையை மட்டும் தொடுவார். பலகையில் மாட்டுவதும் எடுப்பதும் டிரையரில் வைப்பதும் அவர் வேலை. மைக்காரர் சட்டையைச் சரிசெய்ய ஒரு விரல்கூட நீட்டக்கூடாது. சொல்ல எளிது. சட்டை கோணலாக இருப்பதைப் பார்த்ததும் கை தானாக நீளும். அந்தப் பழக்கத்தை விடத்தான் ஓரிரு வாரம் பிடிக்கும்.

ஒற்றை ஆளாக வேலை செய்பவர், மை அள்ளும்போது மட்டும் கையுறை மாட்டி, முடிந்ததும் கழற்றிவிட்டுச் சட்டையைத் தொடலாம். கையுறையோடு கைப்பேசியை எடுத்தால் அத்தனையும் வீண். ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வரும் காலத்தில் இந்தக் கடைகளில் மிக அதிகமாக மை ஒட்டியிருக்கும் பொருள் கைப்பேசியாகத்தான் இருக்கும்.

சட்டைகள் பிளாஸ்டிக் உறையிலேயே இருக்கட்டும். அன்றைக்கு அச்சடிக்கும் அளவை மட்டும் பிரித்தால் போதும். சட்டை மேசையில் ரொட்டி சானாய்ப் பொட்டலத்திற்கு இடமில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. மைக்கறையைவிடக் குழம்புக் கறை எடுப்பது கடினம்.

ஸ்கிரீனின் உள்பக்க ஓரங்களில் டேப் ஒட்டுவதும் இதே கணக்கில் சேரும். சட்டத்திற்கும் மெஷ்ஷுக்கும் இடையிலுள்ள சந்தில் மை நுழைந்தால், கழுவிய பிறகும் கொஞ்சம் தங்கிவிடும். அடுத்த ஆர்டர் வெள்ளை மையாக இருந்தால் அது இளஞ்சிவப்பாக எட்டிப் பார்க்கும். வெள்ளை மை டின்னுக்குள் வேறு நிறம் தோய்ந்த கரண்டியை விடுவதும் அப்படித்தான். ஒரு துளி போதும், முழு டின்னும் வெள்ளை இல்லை.

ஈரக் காற்றும் இருட்டறையும்

ஸ்கிரீனில் படம் உருவாவது எமல்ஷன் எனும் ஒளி உணரும் பூச்சினால். மெஷ் மீது அதைப் பூசிக் காயவைத்து, படம் அச்சிட்ட பிலிமை மேலே வைத்து ஒளி பாய்ச்சினால், ஒளி பட்ட இடம் இறுகும். பிலிமின் கறுப்பு மறைத்த இடம் இளகியே இருக்கும், தண்ணீரில் கழுவினால் போய்விடும். அந்தத் திறப்பின் வழியாகத்தான் மை இறங்குகிறது.

இந்தப் பூச்சுக்கு எதிரிகள் மூன்று: தூசி, விரலெண்ணெய், ஈரம். பூசும்போது ஒரு தூசு உட்கார்ந்தால் அந்த இடத்தில் ஊசிமுனைத் துளை விழும். அச்சடிக்கும்போது அதன் வழியே மை கசிந்து, ஒவ்வொரு சட்டையிலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளி நிற்கும். மெஷ்ஷில் கைரேகை எண்ணெய் இருந்தால் எமல்ஷன் அந்த இடத்தை விட்டு விலகி, மீன் கண் போன்ற வட்டங்களை உண்டாக்கும். அதனால்தான் பூசுவதற்கு முன் எண்ணெய் நீக்கியால் மெஷ்ஷைக் கழுவுகிறார்கள். பாத்திரம் கழுவும் சோப்பு மலிவுதான். ஆனால் அதிலுள்ள வாசனையும் கையை மென்மையாக்கும் சேர்மங்களும் மெஷ்ஷில் படலமாகத் தங்கக்கூடும்.

மூன்றாவது எதிரி இந்த நாட்டுக்கே உரியது. மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மழைக்காலத்தில் இன்னும் கூடும். குளிர் நாட்டில் தயாரித்த எமல்ஷன் டின்னில் எழுதியுள்ள நேரத்தில் இங்கே பூச்சு காயாது. மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த நிலையில் ஒளி பாய்ச்சினால் எமல்ஷன் சரியாக இறுகாது. கழுவும்போது படத்தின் ஓரம் பிய்ந்து வரும், இல்லையென்றால் அச்சடிக்கும் நடுவில் உடைந்துவிடும். கடைக்காரர் எமல்ஷன் மட்டம் என்று சொல்லி வேறு பிராண்டுக்கு மாறுவார். அதுவும் அப்படியே உடையும்.

இதற்குப் பெரிய அறை வேண்டாம். மேல்மாடியில் ஒரு மூலையைத் தடுத்து, மஞ்சள் விளக்குப் போட்டு, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை ஓடவிட்டால் போதும். ஈரமானி விலை அதிகமில்லை. முள் 50 விழுக்காட்டுக்கு அருகில் நின்றால் பூச்சு ஒழுங்காகக் காயும். ஸ்கிரீனைச் சுவரில் சாய்க்காமல், சட்டையைத் தொடும் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கையாக வைக்க வேண்டும். அட்டைப்பெட்டிகளை அங்கே அடுக்கக்கூடாது, அட்டையிலிருந்து நார் பறக்கும். கழுவிய ஈர ஸ்கிரீனையும் பூசிய ஸ்கிரீனையும் ஒரே மூலையில் வைத்தால், ஒன்றிலிருந்து போகும் ஈரத்தை மற்றொன்று உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

கடைவீடு என்றால் சுமார் 20 அடி அகலம், நீளம் அதைப்போல் மூன்று மடங்கு. இந்த நீளத்தைச் சரியாகப் பயன்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். முன்புறம் சட்டையும் மடிக்கும் மேசையும், நடுவில் அச்சு மேசையும் டிரையரும், பின்புறம் தண்ணீர் வேலை. ஈரப்பொருள் எதுவும் சட்டைக் குவியலைத் தாண்டிப் போகக்கூடாது என்பதுதான் கணக்கு. கழுவும் இடம் முன்புறமோ சட்டைகள் பின்புறமோ இருக்கும் கடைகளில், நாளைக்கு இருபது தடவை சொட்டும் ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு வெள்ளைச் சட்டைகளைக் கடக்கிறார்கள்.

தொட்டியில் நிற்பவர் யார்?

இந்தத் தொழிலில் கடையின் முதல் என்று சொல்லத்தக்கவை ஸ்கிரீன்கள்தாம். ஆர்டர் முடிந்ததும் மையை வழித்து டின்னில் போட்டு, மிச்சத்தைக் கழுவி, எமல்ஷனை நீக்கி, மெஷ்ஷைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அதே சட்டம் அடுத்த ஆர்டருக்கு உழைக்கும். இப்படி ஒரே ஸ்கிரீனைப் பலமுறை மீட்கலாம். எத்தனை முறை என்பது கழுவுகிறவரின் கையில் இருக்கிறது.

வரிசை முக்கியம். முதலில் மை முழுவதும் போக வேண்டும். மை மிஞ்சியிருந்தால் எமல்ஷன் நீக்கி அதைத் தாண்டி இறங்காது. பிறகு நீக்கியை இரண்டு பக்கமும் தேய்த்து, ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, அழுத்தத் தண்ணீரில் அடிக்க வேண்டும். இங்கேதான் பெரிய தவறு நேர்கிறது. நீக்கியைத் தேய்த்துவிட்டு, வாடிக்கையாளர் வந்தார் என்று முன்பக்கம் போய்விடுகிறார்கள். நீக்கி மெஷ்ஷிலேயே காய்ந்துவிடுகிறது. அப்படிக் காய்ந்தால் எமல்ஷன் இளகுவதற்குப் பதிலாக மெஷ்ஷோடு பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு மெஷ்ஷைக் கிழித்துப் புதிதாக இழுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஐந்து ஸ்கிரீனுக்கும் ஒரே நேரத்தில் மருந்து தேய்த்து வைப்பது சுறுசுறுப்பாகத் தெரியும், ஆனால் ஐந்தாவதற்கு வருவதற்குள் முதலாவது காய்ந்திருக்கும்.

பழைய படம் நிழலாக மெஷ்ஷில் தங்கினால் அதற்கென வேறொரு மருந்து இருக்கிறது. கறையை அரிக்கும் இந்த மருந்துகளில் பல கடுங்காரத் தன்மை கொண்டவை. மெஷ்ஷையும் அரிக்கும், தோலையும் அரிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

இவ்வளவு நுணுக்கமான, இவ்வளவு ஆபத்தான வேலையைப் பெரும்பாலான கடைகளில் செய்வது யார்? எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பையன். தினக்கூலிக்கு வந்தவன். வந்த முதல் நாளே அவனைப் பின்பக்கம், கழிவறைக்கு அடுத்துள்ள தொட்டிக்கு அனுப்புகிறார்கள். சன்னல் இருக்காது. இருந்தாலும் திருட்டுக்குப் பயந்து அடைத்திருக்கும். அழுத்தத் தண்ணீர் மருந்தைப் புகைபோல் கிளப்ப, அந்தக் காற்றைத்தான் அவன் சுவாசிக்கிறான். கையில் கையுறை இருந்தால் அது மருந்தகத்தில் வாங்கிய மெல்லிய ரப்பர் உறை. தின்னர் பட்டால் அது தாங்காது. மாலையில் கையிலுள்ள மையைப் போக்கத் தின்னரிலேயே கை கழுவுகிறான். தின்னர் தோலின் இயற்கை எண்ணெயை எடுத்துவிடும். சில வாரங்களில் விரலிடுக்கு வெடிக்கும், அரிக்கும். வெடித்த தோல் வழியாக அடுத்த நாள் மருந்து இன்னும் எளிதாக உள்ளே போகும். வீட்டில் கேட்டால் ‘கடைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்பான்.

அச்சடிப்பது உயர்ந்த வேலை, கழுவுவது கடைசி ஆளின் வேலை என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். கடையிலேயே அதிகம் தெரிந்தவர் தொட்டியில் நின்று, புதியவர் அருகில் நின்று பார்த்துக் கற்றால் ஸ்கிரீனும் பிழைக்கும், பையனின் கையும் பிழைக்கும். நைட்ரைல் கையுறை, பக்கமும் மூடிய கண்ணாடி, நீளமான ஏப்ரன், புகையை வெளியே தள்ளும் விசிறி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, பாழான சில ஸ்கிரீன்களின் விலையைத் தாண்டாது. கையிலுள்ள மையைச் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினாலே போகும். கண்ணில் மருந்து பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து காட்டிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் குழாய்க்குப் போகும் வழியில் பழைய சட்டங்களைக் குவித்து வைக்கக்கூடாது.

சின்னக் கடைக்குச் சட்டம் வராது என்று நினைப்பவர்கள் உண்டு. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களும் அந்தச் சட்டத்திற்குள் வந்துவிட்டன. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பை ஒருங்கிணைக்கப் பணியாளர்களில் ஒருவரை நியமிக்க வேண்டும். அபாயமான இரசாயனத்தை விற்பவர் அதன் பாதுகாப்பு விவரத் தாளை மலாயிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்பதும் 2013ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. பல கடைக்காரர்கள் அதைக் கேட்டதேயில்லை. கேட்டு வாங்கி, தொட்டிக்கு மேலே பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தொங்கவிட்டால், மருந்தைத் தொடுகிறவருக்குப் பெயராவது தெரியும்.

சாமி மாடமும் தின்னர் டின்னும்

தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, சூடு இருக்கும் இடத்தைத் தேடிப் போனதுபோல் போய்ச் சேரும். அச்சுக்கடையில் சூடான பொருளுக்குக் குறைவில்லை. டிரையரின் தகடு, நிறத்துக்கு நிறம் சட்டையை உலர்த்தும் மேல்சூடு இரண்டும் நாள் முழுக்கப் பழுத்துக் கிடக்கும். பருத்திச் சட்டைகளிலிருந்து உதிரும் நார் டிரையருக்குள்ளும் அதன் அடியிலும் சேரும். வாரம் ஒருமுறை டிரையரை ஆறவிட்டு அந்த நாரை உறிஞ்சி எடுக்காத கடையில் பஞ்சு தயாராக இருக்கிறது, தீ மட்டும்தான் பாக்கி.

நம்மவர் கடைகளில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாமி மாடம். காலையில் விளக்கு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கற்பூரம். மாடம் பெரும்பாலும் கல்லாவுக்கு மேலே இருக்கும். அதற்குக் கீழேயே தின்னர் டின்னும் துடைத்த துணி மூட்டையும் இருப்பதைப் பார்க்கலாம். மாடத்தை இடம் மாற்ற யாருக்கும் மனம் வராது. தின்னர் டின்னை மாற்றலாம்.

துடைத்த துணிகளுக்கு மூடியுள்ள இரும்பு டின் வேண்டும். திறந்த வாளியிலும் அட்டைப்பெட்டியிலும் போடுவது ஆவியை அறை முழுக்கப் பரப்பும். எமல்ஷன் நீக்கி பெரும்பாலும் சோடியம் பெரியோடேட் எனும் உப்பினால் ஆனது. அது தீயை ஊட்டும் வகையைச் சேர்ந்தது, அதனால் அதன் தூளைத் தின்னர் அடுக்கில் சேர்த்து வைக்கக்கூடாது. சட்டை நகராமல் இருக்கப் பலகையில் அடிக்கும் ஸ்ப்ரே பசையும் கவனிக்க வேண்டியது. பலகையில் விழுவதைவிடக் காற்றில் பறப்பது அதிகம். தரை ஒட்டுவது, இயந்திரத்தின் மூட்டுகளில் நார் அப்பிக்கொள்வது எல்லாம் அதனால்தான். கையால் தடவும் தண்ணீர்ப் பசைக்கு மாறிய கடைகளில் தரை துடைக்கும் வேலையே பாதி குறைந்துவிடும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதை வாடகைக்கு வரும் நாளிலேயே பார்க்க வேண்டும். பல இடங்களில் அது நேராகப் பின்சந்து லோங்காங்கில் விழுகிறது. மைக்கழிவு, மை படிந்த துணி, மருந்து படிந்த காலி டின் ஆகிய மூன்றும் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் எண் போட்டுக் குறிக்கப்பட்டவை. மைக்கு எஸ்டபிள்யூ 417, துணிக்கு 410, கொள்கலனுக்கு 409. இவற்றைப் பெயர் ஒட்டிய மூடிய கலன்களில் தனித்தனியே வைத்து, 180 நாட்களுக்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. தன் கடையில் சேர்வதற்கு என்ன நடைமுறை என்பதை மாநிலச் சுற்றுச்சூழல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கழுவுவதற்கு முன் அட்டையால் மையை நன்றாக வழித்து டின்னுக்கே திருப்பிவிட்டால், தொட்டிக்குப் போகும் மை மிகவும் குறையும். வழித்த மையை அடுத்த ஆர்டருக்கும் பயன்படுத்தலாம்.

எறிய மனம் வராத பொருட்கள்

பிறை, ஷா ஆலாம் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு 5எஸ் புதிதல்ல. ஜப்பானில் பிறந்த அந்த முறையை இங்கே மலாயில் சிசே, சூசுன், சாப்பு, செராகாம், செந்தியாசா அமால் என்று சுவரில் எழுதியிருப்பார்கள். வேண்டாததை நீக்கு, அடுக்கு, கூட்டு, ஒரே சீராக்கு, எப்போதும் கடைப்பிடி. அச்சுக்கடைக்கு வந்தால் கூட்டுவதும் அடுக்குவதும் எப்படியோ நடந்துவிடும். முதலாவதுதான் நடக்காது.

காரணம் கஞ்சத்தனம் மட்டுமல்ல. ‘போன வருடம் அச்சடித்த அதே படத்தைத்தான் கோயில்காரர்கள் இந்த வருடமும் கேட்பார்கள், ஸ்கிரீனை அழிக்க வேண்டாம்’ என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பத்துக் கோயில், பதினைந்து பள்ளி என்று சேர்ந்து, சுவரோரம் நாற்பது ஸ்கிரீன்கள் நிற்கின்றன. வருடக்கணக்கில் மை நிழலும் எமல்ஷனும் மெஷ்ஷில் ஊறி, கடைசியில் எதையும் மீட்க முடியாமல் போகிறது. கோயில்காரர்களோ வருடம் மாறியதும் படத்தில் ஆண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். வைத்துக்கொள்ள வேண்டியது ஸ்கிரீன் அல்ல, பிலிம். உறையில் போட்டு, மேலே பெயரும் நிறமும் எழுதித் தட்டையாக வைத்தால் ஓர் அலமாரித் தட்டில் ஐம்பது ஆர்டர்கள் அடங்கும். அதோடு கலந்த மையின் கணக்கும் இருக்க வேண்டும். எந்த மை எத்தனை கிராம் என்று எழுதி, ஒரு துண்டுத் துணியில் அச்சடித்துச் சேர்த்து வைத்தால், அடுத்த தைப்பூசத்தில் ‘போன தடவை போட்ட சிவப்பு’ என்று கேட்கும்போது கண்ணை நம்பிக் கலக்க வேண்டியதில்லை.

ஸ்கிரீன் சட்டத்தில் மெஷ் எண்ணை எழுதாமல் விடுவதும் வீண் செலவு. இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. சில வியாபாரிகள் சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்று சொல்கிறார்கள், சிலர் அங்குலத்திற்கு. சென்டிமீட்டருக்கு 43 என்பதும் அங்குலத்திற்கு 110 என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். எண் இல்லாத சட்டத்தை எடுத்து, கறுப்புச் சட்டையில் வெள்ளை அச்சடிக்க நெருக்கமான மெஷ்ஷைப் போட்டால் வெள்ளை சாம்பலாகத்தான் விழும். இரண்டாவது தடவை இழுப்பார்கள், மூன்றாவது தடவை இழுப்பார்கள், எழுத்து தடித்துவிடும். ஒரு மார்க்கர் பேனாவில் தீர்ந்திருக்க வேண்டியது.

ஸ்குவீஜிகளுக்குச் சுவரில் ஆணி அடித்து, ஒவ்வொன்றின் உருவத்தையும் பின்னால் வரைந்துவிட்டால் எது இல்லை என்பது தூரத்திலேயே தெரியும். அவற்றைத் தின்னர் வாளியில் இரவு முழுக்க ஊறவைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ரப்பர் உப்பி, விளிம்பு வளைந்துவிடும். வளைந்த விளிம்பில் கோடு நேராக விழாது.

தைப்பூசத்திற்கு முந்திய நாள் இரவு கடைசி ஆர்டர் கைமாறும்போது மணி பத்தாகியிருக்கும். எல்லாருக்கும் பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போக அவசரம். அன்றைக்குக் கழுவ முடியாவிட்டாலும் பிளாஸ்டிசால் ஸ்கிரீனில் மையை வழித்துவிட்டுப் போகலாம், பெரிதாகக் கெடாது. தண்ணீர் மை ஸ்கிரீனைக் கழுவாமல் ஷட்டரை இறக்கக்கூடாது. திரும்பி வரும்போது மாசி மகத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் தோட்டக் கோயில்களின் ஆர்டர் வந்து காத்திருக்கும், அவற்றுக்கும் இதே சட்டங்கள்தான் வேண்டும்.